ஊர் தொலைத்த மரம்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உலகத் தாவரவியல் மாநாடு கூடியபோது அந்நாட்டு அஞ்சல்துறை நான்கு தபால்தலைகளை வெளியிட்டது. நாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாவரம் என்பது ஏற்பாடு. தென்கிழக்குப் பகுதிக்கு வாய்த்தது வெண்ணிற இதழ்களும் நடுவில் பொன்னிறக் கேசரக் கொத்தும் கொண்ட ஒரு பூங்கிளை. மரத்தின் பெயர் ஃபிராங்க்ளினியா. அந்தத் தபால்தலை அச்சேறியபோது தென்கிழக்கின் காடுகளில் அம்மரம் ஒன்றுகூட இல்லை. உறுதியான பதிவோடு அதைக் கடைசியாகக் காட்டில் கண்டவர் கண்டு நூற்று அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அழிந்த உயிர்களின் கதைகளை நாம் நிறையவே படித்திருக்கிறோம். டோடோ பறவையும் பயணிப் புறாவும் நமக்குப் பழகிய பெயர்கள். ஃபிராங்க்ளினியாவின் கதை அவற்றோடு சேராது. இந்த மரம் அழியவில்லை. பாஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் தோட்டங்களில் நிற்கிறது. பணம் கொடுத்தால் கன்று கிடைக்கிறது. அழிந்தது அதன் ஊர். ஊர் இருந்த நிலம்கூட அப்படியே இருக்கிறது, மரம்தான் அங்கில்லை. ஒரு மரம் என்பது அதன் வேரும் கிளையும் மட்டும்தானா, அது நின்ற மண்ணும் நீரும் சேர்ந்ததா என்று கேட்க நேர்ந்தால் ஃபிராங்க்ளினியாவைவிடப் பொருத்தமான சாட்சி கிடைப்பது அரிது.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம் இது. பதினைந்து இருபது அடி உயரம் என்பது வழக்கமான வளர்ச்சி. நல்ல இடம் அமைந்தால் முப்பதடியை எட்டும். நீண்டு, நுனிப்பக்கம் அகன்ற, பளபளப்பான கரும்பச்சை இலைகள். மற்ற மரங்கள் வசந்தத்தில் பூத்து ஓய்ந்தபின், கோடை முதிர்ந்த வேளையில்தான் இது மொட்டவிழ்க்கும். மூன்றங்குல அகலத்தில் ஐந்து வெள்ளிதழ்கள், மென்மையான நறுமணம். இலையுதிர் காலம் நெருங்கும்போது இலைகள் செம்மஞ்சளாகி, சிவந்து, அரக்கு நிறம் கொள்கின்றன. சில ஆண்டுகளில் அந்தச் சிவப்பின் நடுவே கடைசி வெள்ளைப் பூக்களும் நிற்கும். காய் முற்ற ஓராண்டுக்கு மேலாகிறது. ஆகவே இவ்வாண்டுப் பூவும் சென்ற ஆண்டுக் காயும் ஒரே மரத்தில் இருக்கும். அலங்காரத் தோட்டக்காரர்கள் இதன்மேல் கொண்ட மையலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதைக் கண்டவர்கள் ஒரு தந்தையும் மகனும். தந்தை ஜான் பார்ட்ரம், பிலடெல்பியாவை அடுத்து ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்த குவேக்கர் விவசாயி. முறையான கல்வி அதிகமில்லை. 1728இல் வாங்கிய அந்நிலத்தில் அவர் அமைத்த தோட்டம் காலனி அமெரிக்காவின் புகழ்பெற்ற தாவரத் தோட்டமாயிற்று. லண்டனில் துணிவணிகம் செய்த பீட்டர் காலின்சன் என்னும் மற்றொரு குவேக்கருக்கு அவர் ஆண்டுதோறும் விதைப்பெட்டிகளைக் கப்பலேற்றினார். இங்கிலாந்துப் பிரபுக்களின் தோட்டங்களில் அமெரிக்க மரங்கள் பல வேர்கொண்டது அந்தப் பெட்டிகளின் வழியே. காலின்சனின் முயற்சியால் 1765இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஜானை அரச தாவரவியலாளராக நியமித்தார். ஆண்டுக்கு ஐம்பது பவுன் ஊதியம். அந்த நியமனத்தின் பலத்தில் அறுபத்தாறு வயது ஜான், இருபத்தாறு வயது மகன் வில்லியமை அழைத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார்.

1765 அக்டோபர் முதல் நாள். ஜார்ஜியாவில் அலட்டமஹா ஆற்றின் கரையிலிருந்த பேரிங்டன் கோட்டைக்குப் போகும் வழியில் இருவரும் தடம் தவறிச் சில மைல் கீழே வந்துவிட்டார்கள். அன்றைய குறிப்பில் ஜான், ஆவலைத் தூண்டும் புதர்ச்செடிகள் சிலவற்றைக் கண்டதாகவும், அவற்றுள் ஒன்று அழகிய காய் தாங்கியிருந்ததாகவும் எழுதிவைத்தார். அவ்வளவே. பூக்காலம் முடிந்திருந்தது, விதை முற்றவில்லை. வழி தவறியிராவிட்டால் அதுவும் இல்லை.

மகனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வில்லியம் பார்ட்ரம் தந்தைக்குக் கவலை தந்த பிள்ளை. படம் வரைவதில் இணையற்ற கை. வணிகத்தில் தொட்டதெல்லாம் நட்டம். புளோரிடாவில் நெல் பயிரிடப்போய் ஓராண்டுக்குள் நொந்து திரும்பினார். அவருடைய சித்திரங்களைக் கண்டு வியந்த லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் பணம் தர முன்வந்ததால் 1773இல் மீண்டும் தெற்கே புறப்பட்டு ஏறக்குறைய நான்காண்டுகள் தனியாகவும் கூட்டமாகவும் அலைந்தார். செமினோல் குடித்தலைவர் ஒருவர் அவருக்குப் ‘பூ வேட்டையாடுபவன்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அந்தப் பயணத்தைப் பற்றி 1791இல் அவர் வெளியிட்ட நூல் தாவரவியலாளர்களைக் காட்டிலும் கவிஞர்களை அதிகம் பாதித்தது எனலாம். கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் அதை ஊன்றிப் படித்தவர்கள். ‘குப்ளா கான்’ கவிதையில் பீறிட்டெழும் ஊற்றுக்குப் பின்னே புளோரிடாவின் ஊற்றுகளை வில்லியம் வருணித்த பக்கங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியுள்ளனர். தேதிகளில் மட்டும் அந்நூலை நம்ப இயலாது. நிகழ்ந்த ஆண்டுகளையே மாற்றி எழுதிவிடுவார்.

இந்த அலைச்சலின்போது அவர் அலட்டமஹா கரைக்குத் திரும்பினார். இம்முறை மரம் பூத்து நின்றது. முற்றிய விதைகளும் கிடைத்தன. அது 1776ஆம் ஆண்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. குடியேற்ற நாடுகள் இங்கிலாந்திலிருந்து விடுதலையை அறிவித்த அதே ஆண்டு. இரண்டு மூன்று ஏக்கர் பரப்பில் அது செழிப்பாக வளர்ந்திருந்ததென்றும், பென்சில்வேனியாவிலிருந்து மிசிசிப்பி வரை சுற்றியும் வேறெங்கும் அதைக் காணவில்லையென்றும் வில்லியம் எழுதுகிறார். நாம் அடிக்கோடிட வேண்டிய வரி இதுதான். மனிதக் கண்ணில் முதன்முதலாகப் பதிவானபோதே அந்த மரத்துக்கு உலகத்தில் ஒரேயோர் ஊர்தான் இருந்தது.

1777 ஜனவரியில் வில்லியம் வீடு திரும்பினார். செப்டம்பரில், பிராண்டிவைன் போர் முடிந்து பதினொரு நாட்களில், ஜான் பார்ட்ரம் காலமானார். அடுத்த நான்காம் நாள் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவுக்குள் நுழைந்தது. தோட்டம் தப்பியது. விதைகள் முளைத்து நான்கைந்து ஆண்டுகளில், 1781 வாக்கில், பூக்கத் தொடங்கின. முதலில் கண்ட தந்தை பூவைப் பார்க்கவேயில்லை.

பெயர் சூட்டியதிலும் ஒரு சிறு வழக்கு உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஜானின் நெருங்கிய நண்பர். 1743இல் அமெரிக்கத் தத்துவக் கழகத்தை உருவாக்கியதில் இருவருக்கும் பங்கிருந்தது. அவர் நினைவாக மரத்துக்குப் பெயரிட வில்லியம் விரும்பினார். லண்டன் அறிஞர்களோ இது புதிய பேரினமே அல்ல, கோர்டோனியாவில் ஒரு வகை என்று சாதித்தனர். (கோர்டோனியா என்ற பெயர் ஜேம்ஸ் கோர்டன் என்னும் லண்டன் நாற்றுப்பண்ணைக்காரரைக் குறிப்பது. ஒரு பக்கம் குடியரசின் தூதர், மறுபக்கம் செடி விற்பவர்!) வில்லியமின் உறவினர் ஹம்ஃப்ரி மார்ஷல் 1785இல் வெளியிட்ட அமெரிக்க மரங்கள் பற்றிய நூலில் ‘ஃபிராங்க்ளினியா அலட்டமஹா’ என்று அச்சிட்டுவிட்டதால் அதுவே நின்றது. பாரிஸில் தூதராக இருந்த ஃபிராங்க்ளின் பிலடெல்பியாவுக்குத் திரும்பியதும் அதே ஆண்டுதான். ஆற்றின் பெயரை இன்று அல்டமஹா என எழுதுகிறார்கள். மரத்தின் பெயரில் மட்டும் பழைய எழுத்துக்கூட்டல் ஓர் அசை கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பலர் இதைக் கோர்டோனியா என்றே விற்றார்கள், எழுதினார்கள்.

அந்தக் குழப்பம் முற்றிலும் மடமையன்று. உறவு உண்மையானதே. நீலகிரிச் சோலைகளில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு மரத்தையும் தாவரவியலாளர்கள் நெடுங்காலம் கோர்டோனியா என்றே அழைத்தார்கள். அண்மைக்கால வகைப்பாட்டில் ஆசியக் கோர்டோனியாக்கள் பாலிஸ்போரா என்று தனியாகப் பிரிந்துவிட்டன. ஆக நம் மலைச்சோலையிலும் இந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. அது இலையுதிர்க்காது, இது உதிர்க்கும்.

இனி மறைவின் கதை. 1790இல் ஹம்ஃப்ரியின் சகோதரர் மகன் மோசஸ் மார்ஷல் அந்த இடத்துக்குப் போய் மரத்தைக் கண்டார். மார்ஷல் குடும்பம் லண்டனுக்கு விதையும் செடியும் விற்ற குடும்பம். 1803இல் ஜான் லயன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் போனார். அவரும் செடி வணிகர்தான். வளர்ந்த மரங்கள் ஆறோ எட்டோதான், அரை ஏக்கருக்கு மேல் பரவவில்லை என்று அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. வில்லியம் கண்ட இரண்டு மூன்று ஏக்கர் ஒரு தலைமுறைக்குள் அரை ஏக்கராகச் சுருங்கியிருந்தது. லயனுக்குப் பிறகு உறுதியான பதிவு எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேடிப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் போனார்கள். 1930களில் ஃபிரான்சிஸ் ஹார்ப்பரும் ஆர்தர் லீட்ஸும் பழைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, மரம் நின்றிருக்கக்கூடிய இடத்தை ஏறத்தாழ நிறுவினார்கள். இடம் கிடைத்தது, மரம் கிடைக்கவில்லை.

ஏன் அழிந்தது? விடைகள் பல. வெள்ளமும் காட்டுத்தீயும் என்பது ஒன்று. செடி வணிகர்கள் வேரோடு பெயர்த்துப் போனார்கள் என்பது பலர் விரும்பிச் சொல்வது; குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டால் கதை முடிந்துவிடுகிறது அல்லவா. பருத்தியைக் குறைசொல்வது மூன்றாவது. 1793இல் எலை விட்னி ஜார்ஜியாவில் பருத்தி கடையும் எந்திரத்தைச் செய்தபின் அப்பகுதியின் மேட்டுநிலங்கள் வேகமாகப் பருத்திக் காடுகளாயின. அடிமைகளின் உழைப்பில் ஓடிய அந்தத் தோட்டங்களின் கொடுமையை, அல்டமஹா முகத்துவாரத்தில் 1838-39இல் தங்கியிருந்த நடிகை ஃபேனி கெம்பிள் எழுதிவைத்திருக்கிறார். அவ்வயல்களின் மண்நோய் மழைநீரோடு இறங்கி ஃபிராங்க்ளினியாவின் வேரைத் தொட்டிருக்கலாம் என்பது கருதுகோள். பருத்தி விளைந்த மண்ணில் வைத்த கன்று பிழைப்பதில்லை என்று தெற்கத்தித் தோட்டக்காரர்கள் சொல்வது இதற்குத் துணை நிற்கிறது.

நான்காவது விடையே நம்மை அதிகம் யோசிக்க வைப்பது. பனியுகத்தில் வடக்கேயிருந்து குளிருக்குத் தப்பித் தெற்கே நகர்ந்த தாவரங்கள் பல. பனி விலகியபோது சில திரும்பி வடக்கே பரவின, சில வழியில் தேங்கின. அப்படித் தேங்கிய கடைசிக் குடியிருப்பே அலட்டமஹா கரை என்கிறது இந்தக் கருத்து. ஜார்ஜியாவில் கண்டெடுத்த மரம் ஜார்ஜியாவின் வெக்கையில் தவிக்கிறது, மாசசூசெட்ஸின் உறைபனியில் நிமிர்ந்து நிற்கிறது என்ற விசித்திரத்துக்கு வேறெந்த விடையும் இவ்வளவு நன்றாகப் பொருந்தவில்லை. இது உண்மையானால் நாம் ஊர் என்று சொல்வதே ஒரு அகதி முகாம்தான். நமக்குத் தோன்றுவது இது: ஒரே இடத்தில் இரண்டு ஏக்கருக்குள் ஒடுங்கிய உயிருக்குக் கொலைகாரன் ஒருவன் தேவையில்லை. ஒரு வெள்ளமோ ஒரு நோயோ ஒரு வணிகனின் மண்வெட்டியோ எது வந்தாலும் போதும்.

ஆகவே இம்மரத்தை வளர்க்கும் முறை என்று தோட்டக்கலை நூல்கள் சொல்வதைச் சற்றே எச்சரிக்கையோடு படிக்க வேண்டியிருக்கிறது. அவை சொல்வது இதுதான்: மண் புளிப்பாக இருக்க வேண்டும், அமிலக் காரக் குறியீடு ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே. மட்கு நிறைய வேண்டும். ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், நீர் ஒருபோதும் தேங்கக் கூடாது. இறுகிய களிமண் ஆகவே ஆகாது. குளிர்ந்த பகுதிகளில் முழு வெயில், வெப்பமான பகுதிகளில் பிற்பகல் நிழல். வேர்கள் சொற்பம், ஆகவே வளர்ந்த மரத்தை இடம் மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். சிறு கன்றாகவே நிலைத்த இடத்தில் வைத்துவிட வேண்டும். விதையை உலரவிடாமல் உடனே விதைத்தால் எளிதில் முளைக்கும். தண்டுக்குச்சியும் வேர்விடும். முளைப்பதிலும் வேர்விடுவதிலும் இவ்வளவு தாராளம் காட்டும் மரம், பத்தாண்டு செழித்து வளர்ந்தபின் ஒரு கோடையில் காரணம் சொல்லாமல் வாடிச் சாகும். காரணம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஃபைட்டாப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் வேரை அழுகச் செய்கிறது. வெப்பமும் தேங்கிய ஈரமும் அதற்கு விருந்து. அந்த மண்ணில் மறுகன்று வைத்தாலும் அதே கதி.

ஈரம் வேண்டும், நீர் தேங்கக் கூடாது. தோட்டக்காரருக்கு இது முரணாகத் தெரியும், ஆனால் மரத்தின் பழைய ஊரை மனக்கண்ணில் வைத்துப் பார்த்தால் முரண் கரைகிறது. ஹார்ப்பரும் லீட்ஸும் சுட்டிய இடம் மணல்மேட்டின் அடிவாரமும் சதுப்பின் விளிம்பும் சந்திக்கும் வரம்பு. மேலே வறண்ட மணல், கீழே தேங்கிய கருநீர். நடுவில் மணலினூடே ஓயாமல் கசியும் புளிப்பான ஊற்றுநீர், அதாவது நின்றுவிடாத ஈரம். சில கெஜ அகலமுள்ள அந்த நாடா போன்ற நிலத்தையே வடக்கத்தித் தோட்டக்காரர்கள் இருநூறு ஆண்டுகளாக இலைமட்கையும் மணலையும் வைத்துப் போலி செய்துவருகிறார்கள்.

ஆனாலும் அவர்கள் கற்றது தோட்டத்தில் மரம் எதைத் தாங்கும் என்பதையே. காட்டில் அதற்கு எது வேண்டியிருந்தது என்பது வேறு கேள்வி. எந்தப் பூச்சி அதன் பூவுக்கு வந்தது, காட்டுத்தீ அதற்குப் பகையா துணையா, வேரோடு உறவாடிய மண்பூஞ்சை எது, எந்த மரத்தின் நிழலில் அதன் கன்று எழுந்தது? கேட்டுத் தெரிந்துகொள்ளக் காடு இருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் புள்ளும் கருப்பொருள் என்று பகுத்த மரபில் வந்தவர்கள் நாம். நம் சொல்லில் சொல்வதானால், முதற்பொருளை இழந்து கருப்பொருள் மட்டும் எஞ்சிய மரம் இது. தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டுவந்த பூவும் புள்ளும் வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியவையாகிவிடும் என்று தொல்காப்பியம் ஓர் இடம் தருகிறது. பிலடெல்பியா அந்த வகையில் ஃபிராங்க்ளினியாவுக்குச் சொந்த நிலமாகிவிட்டது என்று வாதாடலாம். பாட்டில் அது செல்லும். வேருக்குச் செல்லுமா என்பதுதான் தெளியவில்லை.

தோட்டத்தின் கதியும் நிச்சயமாக இருந்ததில்லை. வில்லியம் 1823இல் காலமானார். தோட்டத்தைவிட்டு அதிகம் நகராமல் வாழ்ந்த அவர் பின்னர் அலட்டமஹாவைப் பார்க்கவேயில்லை. ஜானின் பேத்தி ஆனும் அவர் கணவர் ராபர்ட் காரும் நாற்றுப்பண்ணையை நடத்திக் கடனில் மூழ்கி 1850இல் விற்றார்கள். வாங்கியவர் ஆண்ட்ரூ ஈஸ்ட்விக், ரஷ்யாவில் ரயில்வே வேலையில் பொருளீட்டியவர். அவர் பழைய மரங்களில் கைவைக்கவில்லை. அவரிடம் தோட்டக்காரராக வேலை பார்த்த தாமஸ் மீஹன் பின்னாளில் சொந்தப் பண்ணை வைத்து ஃபிராங்க்ளினியாவைப் பெருக்கினார். தோட்டத்தைப் பொதுச்சொத்தாக்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவரும் அவரே. 1891இல் பிலடெல்பியா நகராட்சி அதை எடுத்துக்கொண்டது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, ஒரு கடன்காரர், மரங்களைப் பிடிக்காத ஒரு வாங்குபவர் இடறியிருந்தால் நம்மிடம் வில்லியமின் 1788ஆம் ஆண்டு வண்ணச் சித்திரம் மட்டும் மிஞ்சியிருக்கக்கூடும்.

இன்று உலகில் உள்ள ஃபிராங்க்ளினியாக்கள் அனைத்தும் பார்ட்ரம் குடும்பம் கொண்டுவந்து வளர்த்த கன்றுகளின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. எண்ணிக்கை பெருகினாலும் அவற்றுக்குள் வேற்றுமை பெருகுவதில்லை. ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றதையும் வீழ்த்தும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கு வழி தேடினார்கள். 2000களின் தொடக்கத்தில் ஃபிராங்க்ளினியாவை ஆசிய உறவான ஷீமாவோடு கலந்து ஒரு கலப்பினத்தையும், அமெரிக்கக் கோர்டோனியாவோடு கலந்து இன்னொன்றையும் உண்டாக்கினார்கள். இரண்டாவதற்குக் கோர்ட்லினியா என்று பெயர். அது இலைகளை முழுதும் உதிர்ப்பதில்லை, முழுதும் வைத்துக்கொள்வதுமில்லை. ஃபிராங்க்ளினியாவை எந்தப் பெயருக்குள் அடக்க லண்டன் அறிஞர்கள் முயன்றார்களோ அந்தக் கோர்டோனியாதான் இது. ஜார்ஜியாவின் கரையோரச் சதுப்புகளில் அது காட்டுமரமாக இன்றும் பூக்கிறது.